எக்சோம் அறிக்கையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்: தங்கையின் தள்ளாட்டத்துக்கு இனி எதைச் சோதிப்பது?

கேள்வி: குளக்கரையான், விசுவமடு

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு இப்போது 17 வயது. ஏழாம் ஆண்டு படித்த காலத்தில், துவிச்சக்கரவண்டியில் நேராகப் போக முடியவில்லை என்று அவள் சொல்லத் தொடங்கினாள். பழக்கம் போதாது என்று நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓராண்டுக்குள் நடையும் தள்ளாடியது. இப்போது இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க அவளால் இயலாது. கையெழுத்து குலைந்துவிட்டது, பேச்சிலும் ஒரு குழறல் உண்டு. பாதம் நடுவில் வில்லாக வளைந்திருப்பதால் செருப்பு காலில் நிற்பதில்லை. முதுகெலும்பும் ஒருபுறம் சாய்ந்திருப்பதாக எக்ஸ்ரே காட்டுகிறது.

மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில் பெரிய குறை எதுவும் இல்லை என்றார்கள். கிளினிக்கில் பார்த்த வைத்தியர் இது பரம்பரை நோயாக இருக்கலாம் என்று கூறி, இரத்தத்தை இந்தியாவுக்கு அனுப்பி எக்சோம் என்ற, மரபணுக்களை வாசிக்கும் பரிசோதனையைச் செய்ய ஏற்பாடு செய்து தந்தார். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவின் உதவியோடு அந்தப் பணத்தைக் கட்டினோம். மூன்று மாதம் கழித்து வந்த அறிக்கையில், நோயை விளக்கும் விகாரம் (மரபணுப் பழுது) எதுவும் காணப்படவில்லை என்றும், 'எஸ்ஏசிஎஸ்' என்ற மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்றில் மட்டும் 'முக்கியத்துவம் உறுதிப்படாத மாறுபாடு' ஒன்று உண்டென்றும் எழுதியிருக்கிறது. அதற்குள் அந்த வைத்தியர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். புதிதாக வந்தவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, மரபணுவில் ஒன்றும் இல்லை, பயிற்சி செய்யுங்கள் என்றார்.

அம்மா, அப்பாவின் சொந்தத் தாய்மாமனின் மகள். பெற்றோர் இருவருக்கும் எனக்கும் எந்தக் குறையும் இல்லை. எனக்கு 26 வயது. என் பெரியப்பா ஒருவரும் இப்படித்தான் தள்ளாடி நடந்தார் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அவருக்கு 1997இல் காலில் செல் (எறிகணை) துண்டு பட்டது, அதனால்தான் அந்த நடை என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். பெரியப்பா 2009இல் இறந்துவிட்டார். அவருடைய கிளினிக் கொப்பி, படங்கள் எல்லாம் இடப்பெயர்வுகளில் போய்விட்டன.

நான் அறிய விரும்புபவை மூன்று. அறிக்கையில் ஒன்றும் இல்லை என்றால் இது பரம்பரை நோய் இல்லை என்று பொருளா? அந்த உறுதிப்படாத மாறுபாட்டை என்ன செய்வது? எனக்கு மாமாவின் மகளைப் பேசியிருக்கிறார்கள். நானும் ஏதாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

மறுமொழி 1: வவுனியா வைத்தியர்

வணக்கம். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் எழுதியவற்றுள் ஒரு வைத்தியர் தவறவிடக்கூடாத செய்திகள் பல இருக்கின்றன.

முதலாவது கேள்விக்கு விடை, இல்லை. எக்சோம் பரிசோதனை மரபணுத்தொகுதி முழுவதையும் படிப்பதில்லை. புரதத்தை உருவாக்கும் பகுதிகளை மட்டுமே, அதாவது மொத்தத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தையே அது படிக்கிறது. அறியப்பட்ட நோய் விகாரங்களில் பெரும்பாலானவை அச்சிறு பகுதிக்குள் இருப்பதால் அது பயனுள்ள பரிசோதனைதான். ஆனால் தள்ளாட்டத்தை உண்டாக்கும் பரம்பரை நோய்களில் மிகப் பரவலானவை சில, டி.என்.ஏ.யின் எழுத்துகளில் வரும் பிழையால் வருபவை அல்ல; ஒரு மூன்றெழுத்துச் சொல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு நீண்டுபோவதால் வருபவை. அவற்றை எக்சோம் பெரும்பாலும் காண்பதில்லை.

பிறீட்ரைக் தள்ளாட்டம் இதற்குத் தக்க சான்று. 1863இல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் நிக்கொலாஸ் பிறீட்ரைக் விவரித்த இந்நோயின் மரபணு 1996இல்தான் கண்டறியப்பட்டது. ஒன்பதாம் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோமிலுள்ள) அந்த மரபணு பிறாட்டக்சின் என்ற புரதத்தை ஆக்குகிறது. அதில் ஜிஏஏ என்ற மூன்றெழுத்து நலமானவர்களில் 33 தடவைக்குள் அடங்கும். நோயுள்ளவர்களில் பெரும்பாலும் 600க்கும் 1,200க்கும் இடையில் இருக்கும். இப்படி நீண்டுபோவதால் பிறாட்டக்சின் குறைந்தால், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் இழைமணிகளில் இரும்பின் ஒழுங்கு கெட்டு, முண்ணாணின் உணர்வுப் பாதைகளும் இதயத்தசையும் சேதமடைகின்றன.

இந்த நீட்சி எக்சோமுக்குத் தப்புவதற்குக் காரணம் இரண்டு. அது மரபணுவின் முதலாம் இடைப்பகுதியில், புரதத்துக்குப் பயன்படாத இடத்தில் இருக்கிறது. எக்சோம் அங்கே பார்ப்பதே இல்லை. பார்த்தாலும், இயந்திரம் ஒரு தடவையில் ஏறத்தாழ 150 எழுத்துகளைத்தான் வாசிக்கும். 600 தடவை என்றால் 1,800 எழுத்து. இருட்டில் ஒரு சிறிய டோர்ச் வெளிச்சத்தோடு நீண்ட கதியால் வேலியை எண்ணப் போவதைப் போன்றது இது: எங்கே அடித்தாலும் நான்கைந்து கதியால் தெரியும், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், இந்த நான்கும் முன்பு எண்ணிய நான்கா வேறு நான்கா என்று தெரியாது, வேலி எத்தனை முழம் என்று கடைசிவரை சொல்ல முடியாது. அதனால் இதற்கென்றே மூன்றெழுத்து மீள்வை அளக்கும் தனியான பி.சி.ஆர். பரிசோதனை இருக்கிறது. எக்சோமைப்போல மாதக்கணக்கு எடுக்காது, செலவும் அதைவிடக் குறைவு. உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் பரிசோதனையின் வரையறைகள் என்று ஒரு பத்தி இருக்கும். மீள்வு நீட்சிகள் இதில் அடங்கா என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தியை எவரும் வாசிப்பதில்லை என்பதுதான் எங்கள் கிளினிக்குகளின் குறை.

பன்னிரண்டு வயதளவில் தொடக்கம், வளைந்த பாதம், சாய்ந்த முதுகு, இருட்டில் அதிகரிக்கும் தள்ளாட்டம், குழறும் பேச்சு, நலமான பெற்றோர், அவர்களிடையே இரத்த உறவு, பெரிதாகச் சுருங்காத சிறுமூளை ஆகியன ஒன்றுசேரும்போது இந்நோயை முதலில் நினைப்பது வழக்கம். முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது தெறிவினை இருந்ததா என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள். இந்நோயில் அது பெரும்பாலும் இழக்கப்பட்டிருக்கும்.

ஆனாலும் பி.சி.ஆர். முடிவுக்குக் காத்திராமல் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். ஒன்று, இரத்தத்தில் விற்றமின் ஈ அளவு. அதைக் கல்லீரலிலிருந்து உடலுக்கு அனுப்பும் புரதத்தின் மரபணு பழுதானால் பிறீட்ரைக் நோயைப் போலவே தோன்றும் ஒரு தள்ளாட்டம் உண்டாகும். அதை அதிகளவு விற்றமின் ஈ கொடுத்தே கட்டுப்படுத்தலாம். தாமதித்தால் இழந்தது முழுமையாகத் திரும்பாது. எக்சோம் அந்த மரபணுவைப் படிக்கும்தான், ஆனால் மலிவான இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கும்போது அதை விடுவது சரியன்று. செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயையும், இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் பரிசோதனையாலும் கண் வைத்தியரின் பரிசோதனையாலும் இதேபோல விலக்கிவிட வேண்டும். அதுவும் மருந்துள்ள நோய். இரண்டு, இதயத்தின் ஈ.சி.ஜி., எக்கோ ஆகியவற்றையும் சீனி அளவையும் பாருங்கள். பிறீட்ரைக் நோயில் ஆபத்து பெரும்பாலும் காலில் இல்லை, இதயத்தில்தான்.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2015 முதல் உலகெங்கும் மாறுபாடுகளை ஐந்து வகையாகப் பிரித்து அறிக்கையிடுகிறார்கள். நடுவில் இருப்பது இந்த உறுதிப்படாத வகை. தெற்காசிய மக்களின் மரபணுத் தரவுகள் உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதால், நம்மவர்களின் அறிக்கைகளில் இது அடிக்கடி வருகிறது. மேலும் எஸ்ஏசிஎஸ் பின்னிடைவான மரபணு. அதன் இரு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். ஒரு பிரதியில் உள்ள ஐயத்துக்குரிய மாறுபாடு உங்கள் தங்கையின் நோயை விளக்காது. அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கடைசியாக, பெரியப்பாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. செல் துண்டு படுவதற்கு முன் அவர் எப்படி நடந்தார்? அதை யாரிடமாவது கேட்க முடியுமா?

மறுமொழி 2: முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய்

தம்பி, நான் வைத்தியம் படித்தவள் இல்லை. என் மகனுக்கு டுஷேன் தசைநலிவு நோய். உங்களுக்கு நடந்தது எனக்கும் வேறு வடிவில் நடந்ததால் எழுதுகிறேன்.

ஐந்து வயதில் அவன் நிலத்திலிருந்து எழும்போது தன் கைகளையே முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி ஏறுவதைப் போல எழுவான். கெண்டைக்கால் பருத்திருந்ததால், பிள்ளை நல்ல திடமாக இருக்கிறான் என்று உறவினர்கள் சொன்னார்கள். முதலில் சென்ற ஓரிடத்தில் மரபணுப் பரிசோதனை என்று சொல்லி இரத்தம் எடுத்தார்கள். கடன்பட்டுத்தான் பணம் கட்டினேன். முடிவு, நிறமூர்த்தங்கள் 46, இயல்பானவை என்று வந்தது. அந்தத் தாளைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலும் வைத்து முடித்தேன். ஒன்றரை ஆண்டு கழித்து, கொழும்பில் பார்த்த வைத்தியர் ஒருவர், நிறமூர்த்தத்தை எண்ணுவது புத்தகத்தின் பக்கங்களை எண்ணுவது மாதிரி, பக்கம் குறையவில்லை என்பதால் உள்ளே வரி கிழியவில்லை என்று சொல்ல முடியாது என்று விளங்கப்படுத்தினார். பிறகு எம்.எல்.பி.ஏ. என்ற வேறு பரிசோதனையில், அந்த மரபணுவின் 79 துண்டுகளில் 45 முதல் 50 வரையானவை இல்லை என்று தெரிந்தது. தசையை வெட்டி எடுக்கும் பரிசோதனையும் அதனால் தேவைப்படவில்லை. ஸ்டீரொயிட் மருந்தை அதற்குப் பிறகுதான் தொடங்கினார்கள்.

ஆகவே, அடுத்த தடவை இரத்தம் கொடுக்குமுன் இதைக் கேளுங்கள்: எந்த நோயைத் தேடி இந்தப் பரிசோதனை, இதில் வராவிட்டால் எந்தெந்த நோய்கள் இன்னும் மிச்சம்? அந்தக் கேள்விக்கு விடையைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் வைத்தியர்கள் மாறுவார்கள், கொப்பிதான் நம்மிடம் இருக்கும். அறிக்கைகள் எல்லாவற்றையும் படம் பிடித்து வெளிநாட்டு உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நாம் ஒரு தடவை எல்லாவற்றையும் பதுங்குகுழியில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

அறிக்கை வந்தபின் என்னையும் சோதித்தார்கள். நான் காவி, அதாவது நோய் இல்லாமல் பழுதான மரபணுவைச் சுமப்பவள். என் தங்கை இரண்டாவது பிள்ளைக்கு முன் தானும் சோதித்துக்கொண்டாள்; அவளுக்கு இல்லை. என்னைப் பழி சொன்ன மாமியார் வீட்டுக்கு அந்தத் தாளைக் காட்டவில்லை. காட்டுவதா என்று இன்றும் தீர்மானிக்கவில்லை.

மறுமொழி 3: உயிரியல் ஆசிரியர், மன்னார்

திருமணப் பேச்சைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பின்னிடைவான நோய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. க.பொ.த. உயர்தரத்தில் இதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன்.

பெற்றோர் இருவரும் காவிகள். நோயில்லாத பிள்ளையாகிய நீங்கள் காவியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. உங்கள் அம்மாவின் சகோதரர் காவியாக இருக்க இரண்டில் ஒன்று. ஆகவே அவர் மகள் காவியாக இருக்க நான்கில் ஒன்று. இருவரும் காவிகளானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 24இல் 1. உறவில்லாத பெண்ணாயின், ஐரோப்பியரில் உள்ளதுபோல ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் காவி என்று கொண்டால், 600இல் 1. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மச்சாளைக் கட்டுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. என் பெற்றோரும் அப்படித்தான். ஒரு குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட விகாரம் ஓடுகிறது என்று தெரிந்தபின், அதே குடும்பத்துக்குள் இணையும்போது மட்டும் இந்தக் கணக்கு வருகிறது.

ஆகவே தங்கையின் முடிவுக்குக் காத்திருக்காமல், நீங்களும் அந்தப் பெண்ணும் உடனே எக்சோம் செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. தை மாதம் நாள் குறித்துவிட்டால் பிறகு எவரும் காத்திருக்க மாட்டார்கள்.

மறுமொழி 4: வவுனியா வைத்தியர்

ஆசிரியரின் கணக்கை ஏற்கிறேன். கடைசிப் பத்தியை ஏற்க முடியவில்லை, மன்னிக்கவும்.

நோயுள்ளவரிடம் விகாரம் எது என்று தெரியாத நிலையில் நலமானவரைச் சோதித்தால், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடுகிறோம். தங்கைக்கு இயல்பு என்று சொன்ன அதே பரிசோதனை அண்ணனுக்கும் இயல்பு என்றுதான் சொல்லும். அந்தத் தாளை நம்பித் திருமணம் நடக்கும். பரிசோதனை செய்யாமல் இருப்பதைவிட அது கேடானது. தங்கையின் விடை கிடைத்தால், அண்ணனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். வரிசை முக்கியம்: முதலில் நோயுள்ளவர், பிறகு பெற்றோர், அதன்பின் மற்றவர்கள். இரண்டு மாதம் நாள் குறிக்காமல் இருக்கும்படி பெரியவர்களிடம் கேட்பது பரிசோதனையைவிடக் கடினம் என்பதை அறிவேன்.

கேட்டவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தள்ளாட்டத்தில் ஆட்சியுள்ள வகைகளும், அதாவது ஒரு பிரதி பழுதானாலே நோய் வரும் வகைகளும் உண்டு. இலங்கையில் ஆராயப்பட்ட அத்தகைய குடும்பங்களில் முதலாம் வகைச் சிறுமூளைத் தள்ளாட்டமே அதிகம் காணப்பட்டது, தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ச் சமூகத்திலும் அது செறிந்திருப்பது 2005இல் வெளியிடப்பட்டது. அதுவும் மீள்வு நீட்சிதான். ஆனால் அதில் வழக்கமாகப் பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருக்கும், தொடக்கமும் பெரும்பாலும் நடுவயதில். உங்கள் அப்பா நலமாக இருப்பதால் அது பின்வரிசையில் நிற்கிறது.

குளக்கரையான், மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நீங்கள் சொன்ன பத்தி அப்படியே இருக்கிறது. நான்கு மாதமாக அலுமாரிக்குள் இருந்த தாள்! கொப்பியில் இரு முழங்காலுக்கும் தெறிவினை இல்லை என்று முதல் வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார்.

அப்பம்மாவிடம் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு 80 வயதுக்கு மேல். முதலில் செல் துண்டுக் கதையையே சொன்னார். பிறகு, பெரியப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் கிணற்றில் தண்ணீர் அள்ள விடமாட்டேன், கிணற்றுக்கட்டின்மேல் நிற்கத் தெரியாமல் விழுந்துவிடுவான் என்று பயம், என்றார். அது எந்த ஆண்டு என்று கேட்டேன். சித்தப்பா பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் என்றார்; அதாவது 1985 அல்லது 1986, பெரியப்பாவுக்கு 14 அல்லது 15 வயது. செல் துண்டு பட்டது அதற்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின். அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிரவு வந்து, அப்பம்மாவும் அப்பப்பாவும்கூட மச்சாள் மச்சான் முறைதான் என்று தானாகவே சொன்னார்.

மாமா வீட்டுக்கு அப்பாவே போய், தங்கையின் பரிசோதனை முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். வேறு எதையும் விளக்கவில்லையாம். இனி நாங்கள் எங்கே போவது, இரத்தத்தை எப்படிக் கொண்டுபோவது, பழைய இரத்தத்திலேயே செய்ய முடியாதா என்பதைச் சொல்லுங்கள்.

மறுமொழி 5: வவுனியா வைத்தியர்

அப்பம்மா சொன்னதைத் திகதியிட்டு எழுதி, குடும்ப வரைபடமாக வரைந்து எடுத்துச் செல்லுங்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்குக் கறுப்பு நிரப்பு, இறந்தவருக்குக் குறுக்குக்கோடு, உறவுத் திருமணத்துக்கு இரட்டைக்கோடு. காணாமற்போனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. வைத்தியர் உங்களோடு செலவிடக்கூடிய பத்து நிமிடங்களில் இந்த ஒரு தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் பொதுமருத்துவ நிபுணரிடம், நரம்பியல் நிபுணருக்கும் மரபியல் ஆலோசனைக்கும் என்று இரண்டு கடிதங்கள் கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. முன்பதிவு செய்யாமல் இரவு ரயிலில் ஏறிவிட வேண்டாம். நடக்கச் சிரமப்படும் பிள்ளையை ஒரு தடவை அழைத்துச் செல்வதே பெரிய காரியம். இதய எக்கோவையும் நரம்பியல் கிளினிக்கையும் அதே பயணத்தில் ஒழுங்குசெய்யுமாறு கேளுங்கள்.

எக்சோம் செய்த ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்த டி.என்.ஏ. மிச்சம் இருக்கலாம். அறிக்கை இலக்கத்தைக் குறிப்பிட்டு, அதிலேயே இந்த மீள்வுப் பரிசோதனையைச் செய்வார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள். செய்வார்களானால் புதிதாக ஊசி தேவையில்லை. இல்லையென்றால் ஊதா மூடியுள்ள ஈ.டி.டி.ஏ. குழாயில் சில மில்லிலீற்றர் இரத்தம் போதும். ஓரிரு நாட்களுக்குள் சேருமானால் சாதாரண வெப்பநிலையில் கொண்டுபோகலாம், பனிக்கட்டியில் உறையவிடக்கூடாது.

இந்நோய்தான் என்று உறுதியானால், ஒமாவெலொக்சலோன் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு அனுமதி கிடைத்திருப்பதை இணையத்தில் காண்பீர்கள். நோயின் வேகத்தைக் குறைக்கும் நோக்கிலான மருந்து அது. குணமாக்குவது அன்று, மிக அதிக விலையும் கொண்டது. அதை நினைத்துக் காணியை விற்கும் பேச்சை எவராவது எடுத்தால் முதலில் எனக்கு எழுதுங்கள்.

விற்றமின் ஈ பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த பிறகு மட்டுமே அந்த விற்றமின் மாத்திரையைத் தொடங்குங்கள். முன்பே தொடங்கினால் அளவு உயர்ந்து, விடை குழம்பிவிடும்.